அங்காடித் தெரு: அடிக்கிற கையும் ஆப்சென்ட் போடுற பேனாவும்

வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010 மார்ச்சில் வந்தது. அப்போது தியேட்டரில் பார்த்தேன். போன வாரம் மறுபடியும் உட்கார்ந்து பார்த்தேன், இந்தத் தடவை கையில் நோட்டோடு. காரணம் எங்க தெருப் பொண்ணு ஒருத்தி. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: அப்பா விபத்தில் போனபின் ஜோதிலிங்கம் தென்மாவட்டக் கிராமத்திலிருந்து சென்னை ரங்கநாதன் தெருவுக்கு, ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வருகிறான். அங்கே கனி. அவர்களுக்கு மேலே கருங்காலி என்கிற சூப்பர்வைசர். அவருக்கு மேலே அண்ணாச்சி. நாள் முழுக்க நின்று வேலை, கடைச் சாப்பாடு, கடை கொடுக்கிற இடத்திலேயே தூக்கம். தமிழ் சினிமா அதுவரை எட்டிப் பார்க்காத இடம் அது. அதற்காக இந்தப் படத்தின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை.

குறை என்று படுவது வேறு. படத்தில் கொடுமைக்கு ஒரு முகம் இருக்கிறது: கருங்காலி. அறைகிறான், இழுத்துப் போகிறான், பெண்களிடம் கேவலமாக நடக்கிறான். நமக்குக் கோபம் வருகிறது, அது நியாயமான கோபம்தான். ஆனால் கருங்காலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்ல மனுஷன் ஒருவரை உட்கார வைத்தால் கடை மாறிவிடுமா? படம் இந்தக் கேள்வியின் பக்கம் போகவில்லை. கடையில் ஒருத்தியை அடிக்காமலே அடக்க ஒரு சாமான் உண்டு. அதன் பேர் வருகைப் பதிவேடு.

இப்போது அந்தப் பொண்ணு. தென்மாவட்ட நகரம் ஒன்றில் ஜவுளிக்கடை வேலை, மூன்று வருஷமாக. பட்டுச் சேலை செக்‌ஷனில் நின்றாள். அங்கே விற்பனைக்கு ஏற்ற இன்சென்டிவ் உண்டு. இரண்டு தீபாவளிக்கு முன்னால், பண்டிகைக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. போனில் சொல்லிவிட்டு இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் போனாள்.

யாரும் அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை. சம்பளத்தில் நாலு நாள் பிடித்திருந்தார்கள், பண்டிகை நேரத்து லீவுக்கு ‘ஒண்ணுக்கு ரெண்டு’ என்பது அங்கே வழக்கமாம். முழு வருகைக்குத் தருகிற போனஸ் போச்சு. பட்டு செக்‌ஷனிலிருந்து கீழ்த்தளத்துக்கு, துண்டு, கர்ச்சீப் பக்கம் மாற்றினார்கள். அங்கே இன்சென்டிவ் கிடையாது. வார லீவு ஞாயிறிலிருந்து புதனுக்குப் போனது. கூட நின்ற பெண்கள் ரெண்டு நாள் அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்கள், அவர்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருஷம் செக்‌ஷன் பொறுப்பு அவளுக்குப் பின்னால் சேர்ந்தவளுக்குப் போனது.

“லீவு போட்டதுக்கு இல்லைண்ணே, சொல்லாம போட்டதுக்காம். நான் போன் பண்ணிச் சொன்னேனே. அவங்க நோட்டுல அப்படி எழுதலையாம்” என்றாள்.

அவள் சொன்னதைச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. அதன் 25-ஆம் பிரிவுப்படி, நோய்க்கு வருஷத்துக்கு 12 நாள் வரையும் நியாயமான வேறு காரணத்துக்கு 12 நாள் வரையும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு இன்னொரு 12 நாள். வேலைக்கு வராத நாளுக்குப் பிடித்தம் என்றால், 1936-ஆம் வருஷச் சம்பளச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு ஒரு கணக்குச் சொன்னது: எத்தனை நாள் வரவில்லையோ அந்த விகிதத்துக்கு மேல் போகக் கூடாது. 2019-ஆம் வருஷச் சட்டத் தொகுப்பிலும் இதே கணக்குதான். அதாவது ‘ஒண்ணுக்கு ரெண்டு’ சட்டத்தில் நிற்காது.

சரி, அந்த ரெண்டு நாள் சம்பளத்தைக் கேட்டு வாங்கிவிட்டாள் என்றே வையுங்கள். மீதி? செக்‌ஷன் மாறியது பிடித்தம் இல்லை. ஞாயிறு புதனானது அபராதம் இல்லை. பொறுப்பு இன்னொருத்திக்குப் போனது தண்டனை என்று எந்தத் தாளிலும் இல்லை. அவள் இழந்ததில் பெரும்பங்கு இந்த மீதிதான். கடையில் அவளுக்கு இருந்த இடம் அது. அதற்குச் சம்பளச் சீட்டில் கட்டம் கிடையாது.

முழுசாக வேலையை விட்டு நீக்கினால் சட்டம் கொஞ்சம் பேசும். அதே 1947 சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாசம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமல், ஒரு மாச நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமல் நீக்கக் கூடாது என்கிறது. 1993-ல் உச்ச நீதிமன்றம் டி.கே. யாதவ் வழக்கில், எட்டு நாளுக்கு மேல் வரவில்லை, ஆகவே வேலை தானாகப் போச்சு என்று நிர்வாகம் சொன்னதை ஏற்கவில்லை. விசாரணை இல்லாமல் நீக்கியது தப்பு என்று, பாதிச் சம்பள பாக்கியோடு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அது ஆலைத் தொழிலாளி வழக்கு. ஜவுளிக்கடைப் பொண்ணு அந்தப் பக்கம் போக வேண்டுமானால், ஆறு மாசம் தொடர்ந்து வந்தாள் என்று முதலில் காட்ட வேண்டும். அதைக் காட்டும் சாட்சி அதே பதிவேடு. அது இருப்பதோ கடைக்காரர் மேஜையில். தண்டிக்கிற தாளும் காப்பாற்றுகிற தாளும் ஒன்றாகவே இருப்பதுதான் சிக்கல்.

இந்த இடத்தில் படத்துக்குத் திரும்பலாம். ஜோதிக்கும் கனிக்கும் வேலை போவது எப்படி? ராத்திரி கடைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள், கேமராவில் தெரிந்துவிடுகிறது, அடிதடி, வெளியே. பெரிய குற்றம், பெரிய தண்டனை. திரைக்கதைக்கு அது வேண்டும், புரிகிறது. ஆனால் நிஜக் கடையில் ஆள் இப்படி ஒரே ராத்திரியில் தெருவுக்கு வருவதைவிட, ஒரு லீவு, ஒரு செக்‌ஷன் மாற்றம், ஒரு புதன்கிழமை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

படம் சரியாகப் பிடித்த விஷயமும் உண்டு. வேலை போன அன்றைக்கே சோறும் படுக்கையும் போகிறது. அதனால்தான் அவர்கள் பிளாட்பாரத்தில் படுக்கிறார்கள், அங்கேதான் கனி கால்களை இழக்கிறாள். வேலை, சோறு, கூரை மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டினால் ஒரு நாள் லீவுக்குக்கூட ஒருத்தி ஏன் நடுங்குவாள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தீபாவளிக்கு முந்தின வாரம் பத்துப் பேர் வராவிட்டால் கடை நடக்காது. அந்தப் பாரம் வந்தவர்கள் தலையில்தான் விழும், கூட நின்ற பெண்களின் கோபம் பொய்யில்லை. ஆனால் ஒருத்திக்கு உடம்பு முடியாமல் போவதற்கும் ஒருத்தி வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வருவதற்கும் தயாராக நாலு ஆள் கூடுதலாக வைப்பது யார் பொறுப்பு? அதை வைக்காமல் மிச்சம் பிடித்த காசுக்குத்தான் அந்தப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் கோபப்படுகிறார்கள்.

2021-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்திக் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரச் சொன்னது. நல்ல காரியம். நிற்கிற கால் வீங்கினால் யார் கண்ணுக்கும் தெரியும். ஆப்சென்ட் என்று போட்ட ஓர் எழுத்து ஒரு வருஷம் கழித்து என்ன செய்தது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

அந்தப் பொண்ணு இப்போது லீவு சொன்னால் போனில் சொல்வதில்லை. வாட்ஸப்பில் தேதி போட்டு எழுதி அனுப்புகிறாள். வந்த நாள், வராத நாள் எல்லாம் ஒரு டைரியில். “அவங்க நோட்டு அவங்களுக்கு, எனக்கு என் நோட்டு” என்கிறாள். போன மாசம் காய்ச்சலோடு மூன்று நாள் வேலைக்குப் போனாள் என்றும் அவள் அம்மா சொன்னார். டைரி இருந்தாலும் பயம் போகவில்லை.