இஃபா மரபும் ஆபிரிக்க வம்சாவளியினரின் மீட்சியும்: ஒரு விமர்சன நோக்கு

அடக்கப்பட்ட மக்களின் சமய வாழ்வை மதிப்பிடும்பொழுது விமர்சகர்கள் இருவகைத் தவறுகளுக்கு இடங்கொடுப்பதுண்டு. சமயம் யாவும் மயக்கமருந்தே எனக்கூறி ஆய்வை அத்துடன் முடித்துக்கொள்வது ஒன்று. அதனைக் காலங்கடந்த ஞானமெனப் போற்றி, வரலாற்றிலிருந்து பிரித்தெடுத்து வழிபடுவது மற்றொன்று. மேற்காபிரிக்க யொறுபா மக்களின் சமய மரபு, அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினருக்கு ஆறுதலும் வலிமையும் தரும் வழிகாட்டி என இன்று பரவலாகப் பேசப்படுகின்றது. இக்கூற்றை மேற்குறித்த இரு தவறுகளுக்கும் ஆட்படாது நோக்குவதே எமது முயற்சி.

முதலில் இஃபா எனப்படும் குறிகேட்கும் முறையை நோக்குவாம். பதினாறு பனங்கொட்டைகளைக் கொண்டோ, எட்டு விதைப்பாதிகள் கோத்த சங்கிலியைக் கொண்டோ பபலாவோ எனும் குறிசொல்வோர் ஓர் உருவைப் பெறுவர். இவ்வாறு பெறத்தக்க உருக்கள் 256. இவை ஒவ்வொன்றுக்கும் உரிய வாய்மொழிப் பாடல்கள் பல. 1969 இல் வில்லியம் பாஸ்கமும் 1976 இல் வாண்டே அபிம்போலாவும் வெளியிட்ட ஆய்வுகள் இப்பாடல்களின் அமைப்பைத் தெளிவுபடுத்தின. முன்னொரு காலத்தில் குறிசொன்னோர் பெயர், குறிகேட்டவர் பெயர், அவருக்கு நேர்ந்த இடர், விதிக்கப்பட்ட காணிக்கை, அதனை அவர் செலுத்தினாரா இல்லையா, விளைவு யாது என்ற ஒழுங்கில் அவை அமைகின்றன.

இங்கே மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. குறிகேட்க வருபவர் தமது துன்பத்தைப் பபலாவோவுக்கு உரத்துச் சொல்வதில்லை. பாடல்களைக் கேட்டு, அவற்றுள் தமது நிலைக்குப் பொருந்துவதை அவரே இனங்காண்கின்றார். தம்முடைய தனித்துயரம் முன்னர் பிறரும் பட்ட துயரமே என்பதை அவர் உணர்கின்றார். தனிமனித வேதனையைச் சமூக நினைவோடு இணைக்கும் இச்செயலே இம்மரபின் குணப்படுத்தும் ஆற்றலுக்கு அடிப்படை என நாம் கருதுகின்றோம். விதி பற்றிய கருத்தும் இதனோடு ஒத்ததே. அஜாலா எனும் குயவனிடம் மனிதர் பிறப்பதற்கு முன்னரே தம் தலையைத் தெரிந்தெடுப்பர் என்பது ஐதிகம். ஆயினும் பழுதான தலையையும் காணிக்கையாலும் உழைப்பாலும் நல்லொழுக்கத்தாலும் சீராக்கலாம் என்பதால், விதி முற்றாக அடைபட்ட கதவன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓயோ பேரரசு சிதைந்தபொழுது, போர்களிற் சிறைப்பட்ட பெருந்தொகையான யொறுபா மக்கள் கியூபாவுக்கும் பிறேசிலின் பாயியா மாநிலத்துக்கும் அடிமைகளாக அனுப்பப்பட்டனர். கியூபாவில் அடிமைமுறை 1886 இலும் பிறேசிலில் 1888 இலுமே ஒழிந்தது. அடிமைமுறை உழைப்பைச் சுரண்டியதோடு அமையவில்லை. தாயைப் பிள்ளையிடமிருந்தும் சகோதரரைச் சகோதரரிடமிருந்தும் பிரித்து உறவுமுறையையே குலைத்தது. பாயியாவின் கந்தொம்பிளே வழிபாட்டு இல்லங்களில் தலைவி தாயாகவும், தீட்சை பெற்றோர் அவள் பிள்ளைகளாகவும், தம்முள் உடன்பிறந்தோராகவும் கொள்ளப்பட்டமை இதனாலேயே பொருள் பெறுகின்றது. சிதைக்கப்பட்ட குடும்பத்துக்கு மாற்றாக மக்கள் சமைத்துக்கொண்ட நிறுவனம் அது. பாயியாவில் இவ்வில்லங்கள் 1976 வரை பொலிஸ் அனுமதி பெற்றே இயங்கவேண்டியிருந்தன என்பதை நோக்கின், அவற்றின் எதிர்ப்புப் பண்பு புலனாகும்.

1910 இல் யூஜேனியா அன்னா தோஸ் சந்தோஸ் சல்வடோர் நகரில் நிறுவிய ஒப்போ அபொன்ஜா இல்லம் இதற்குச் சிறந்த சான்று. அதன் தலைவியாகப் பின்னர் விளங்கிய ஸ்தெல்லா (1925–2018) தொழிலாற் பொதுச்சுகாதாரத் தாதி. குணப்படுத்தல் என்பதை மருத்துவத்துக்கு எதிராக நிறுத்தவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. 1983 இல் அவரும் மெனினின்யா முதலிய ஏனைய தலைவியரும், ஒறிசாக்களைக் கத்தோலிக்கப் புனிதரோடு ஒன்றாக்கும் வழக்கத்தை நிராகரித்து அறிக்கை விடுத்தனர். அடிமைக் காலத்தில் அவசியமாயிருந்த முகமூடியைக் களையும் உரிமைக் குரல் அது.

எனினும் இம்மரபின் முரண்பாடுகளை மறைப்பது நேர்மையாகாது. முதலாவது, 'தூய யொறுபா' என்ற கருத்து. ஓயோ, எக்பா, இஜெபு எனத் தனித்தனியே தம்மை உணர்ந்த மக்கள் யொறுபா என்னும் பொதுப்பெயரின்கீழ் ஒன்றுபட்டமை பெருமளவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளைவு. பிறேசிலில் நாகோ, கியூபாவில் லுக்குமி என அவர் பெற்ற பெயர்களும் வேறு. இரண்டாவது, அரசு பற்றிய கனவு. 1959 இல் கியூபாவின் மத்தன்சாஸ் நகரிற் தீட்சை பெற்ற அடெபுன்மி, 1970 இல் தென் கரோலினாவில் ஓயோத்துஞ்சி எனும் ஊரை நிறுவி அரசராக விளங்கினார். கறுப்பின மக்களின் தன்மானத்துக்கு அம்முயற்சி ஆற்றிய பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் மீட்டெழுப்ப விரும்பிய பழைய ஓயோவே அடிமை வணிகத்தில் ஈடுபட்ட அரசு என்பதை மறக்கலாகாது. இழந்த தாயகத்தின் மீதான ஏக்கம் அதன் வர்க்க உண்மையை மறைத்துவிடக்கூடும். மூன்றாவது, பெண்நிலை. பாயியாவில் சோழி எறிந்து குறிகேட்கும் முறை பெண்களின் தலைமையை வளர்த்தது. கியூபாவில் பபலாவோ பதவி ஆண்களுக்கே உரியதென மரபுவாதிகள் இன்றும் வாதிடுகின்றனர். ஒரே மூலம் இருவேறு சமூக நிலைமைகளில் இருவேறு வடிவம் கொண்டமைக்கு இது சான்று.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து ஓர் அளவுகோல் எமக்குக் கிடைக்கின்றது. கூட்டுறவாக வாழ்ந்தபொழுது இம்மரபு மக்களைக் குணப்படுத்தியது; அதனை ஒரு தனிமனிதர் விலைகொடுத்து வாங்கும் மன அமைதியாகச் சுருக்கும்பொழுது, பாடல் எஞ்சும், அதனைத் தாங்கிய உறவு எஞ்சாது. 2005 இல் யுனெஸ்கோ இஃபாவை மானிடத்தின் வாய்மொழி மரபுச் செல்வமாக அறிவித்தமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஒரு மரபைக் காப்பது அதனைப் பாடும் மக்களின் நிலம், உழைப்பு, உரிமை ஆகியவற்றைக் காப்பதிலிருந்து வேறானதன்று. முற்போக்கு விமர்சனம் இம்மரபை அணுகவேண்டியதும் இந்நிலையில் நின்றே என்பது எமது துணிபு.