படியெடுத்தலும் அபஹாரமும்

பிறர் நூலைத் தன் நூலாகக் காட்டுவதை இக்காலத்தார் 'நூற்களவு' என்றும் 'கருத்துத்திருட்டு' என்றும் வழங்குகின்றனர். இச்சொல்லைப் பூர்வாசாரியர்களின் வ்யாக்யானங்கள்மேல் ஏற்றுவாரும் உளர். பெரியவாச்சான்பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படியையும் வடக்குத்திருவீதிப்பிள்ளையின் ஈட்டையும் அருகருகே வைத்து, வாக்கியங்கள் பல ஒத்திருக்கக் கண்டு, ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதோ என ஐயுறுவர். இருவரும் நம்பிள்ளை திருவடிகளில் கேட்டவர்கள் என்பதை மறந்ததால் வந்த ஐயம் இது. ஒரு திருவாயினின்று புறப்பட்டது இரண்டு ஏடுகளில் இறங்கியிருக்கிறது, அவ்வளவே.

'படி' என்பது இந்நூற்பெயர்களில் 32 எழுத்துக் கொண்ட கிரந்த அளவு. பிரதிக்கும் அதுவே பெயர். படியெடுப்பது இழிதொழிலன்று என்பதற்கு குருபரம்பரையே சான்று. தம் ஒன்பதினாயிரப்படியை நன்றாக எழுதித் தருமாறு நஞ்சீயர் நம்பூர் வரதராஜரிடம் கொடுத்தார். காவிரியைக் கடக்கையில் வெள்ளம் அந்த ஏட்டைக் கொண்டுபோயிற்று. வரதராஜர் தாம் கேட்டிருந்தவற்றை நெஞ்சிலிருந்து எழுதி முடித்தார். சிலவிடங்களில் சிறப்புப் பொருள்களும் சேர்ந்தன. நஞ்சீயர் வினவியபோது நடந்ததை ஒளியாமல் விண்ணப்பித்தார். 'நம்பிள்ளை' என்னும் திருநாமம் அதற்குக் கிடைத்த பரிசு.

ஈட்டின் வரலாறு வேறு வகை. பகலில் கேட்டதை இரவில் ஏடுபடுத்திய வடக்குத்திருவீதிப்பிள்ளை முன்னதாக அனுமதி பெறவில்லை. நம்பிள்ளை அதன் செம்மையை உகந்தும் ஏட்டை வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் ஈயுண்ணி மாதவப்பெருமாளுக்கு அளித்தார். அங்கே எழுந்தது நியமனம் பற்றிய கேள்வி. சொன்னவர் பெயர் மறைக்கப்படவில்லை.

ராஜசேகரன் காவ்யமீமாம்ஸையில் சப்தஹரணம், அர்த்தஹரணம் என விரிவாக ஆராய்ந்து, கவிகளில் களவு செய்யாதார் இலர், மறைக்கத் தெரிந்தவனே பழியின்றி வாழ்கிறான் என்ற கருத்தில் பேசுகிறான். கவிகளுக்கு அது பொருந்தலாம். ஸம்ப்ரதாயத்தில் களவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆத்மாபஹாரம். எம்பெருமானுக்கு உடைமையான ஆத்மாவை 'என்னது' என்றிருத்தலே அக்களவு. அங்கே எடுத்துச் சென்ற பொருள் ஏதுமில்லை, எண்ணமே குற்றம். நூலிலும் குற்றம் இருக்குமிடம் அதுவே. ஆசாரியன் வார்த்தையை அப்படியே சொல்லுதல் சிஷ்யனுக்கு லக்ஷணம். அதைத் தன்னதாக்குதல் அபஹாரம்.

ஈட்டைத் திறந்தால் ஆளவந்தார் நிர்வாஹம், எம்பெருமானார் நிர்வாஹம், பட்டர் அருளிச்செய்தது என்று உரியவர் பெயரோடே பொருள்கள் வரக் காணலாம். இன்று எளிய தமிழில் வெளிவரும் உரைகள் சிலவற்றில் பொருள் மட்டும் நிற்க, பெயர்கள் உதிர்ந்துவிடுகின்றன. பட்டருடைய நயம் அட்டையில் பெயருள்ளவருடைய நயமாகப் படிக்கப்படுகிறது. வாசகருக்குச் சுமை குறையும் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். இரண்டு மூன்று எழுத்துள்ள ஒரு பெயர் எவ்வளவு சுமை என்பது விளங்கவில்லை. புருஷோத்தம நாயுடு முழு ஈட்டையும் எளிய நடையில் தந்தவர். தம் நூலுக்கு 'ஈட்டின் தமிழாக்கம்' என்றே பெயரிட்டார். மணவாளமாமுனிகளோ ஈட்டில் எடுத்தாளப்பட்ட வாக்கியங்களின் ஆகரங்களைத் தேடிப் பிரமாணத்திரட்டு அருளினார். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் இழந்த பகுதிக்கு மட்டுமே தாம் உரை வரைந்து, எஞ்சியிருந்ததைத் தொடாமல் விட்டார்.