நாகேசுவரன் கோயில் சுவரில் நிற்பவள்

கும்பகோணத்தில் இறங்கினால் மற்றக் கோயில்களெல்லாம் எனக்கு அப்புறம்தான். சார்ங்கபாணி கோபுரமும் இராமசாமி கோயில் தூண்களும் காத்திருக்கட்டும். நேரே நாகேசுவரன் கோயில். விமானத்தைச் சுற்றிவரும்போது கோட்டங்களில் இருக்கும் தட்சிணாமூர்த்திக்கும் அர்த்தநாரிக்கும் பிரம்மாவுக்கும் ஒரு கும்பிடு. பிறகு, அவர்களுக்கு இடையே ஒடுங்கிய இடங்களில் நிற்கும் மனிதர்களிடம் போய்விடுவேன். அவர்களிலும் ஒருத்தியிடம்.

அரசகுலத்துப் பெண் என்பார்கள். இராமாயணப் பாத்திரம் என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் எனக்குச் சம்மதம். நான் பார்ப்பது அவள் இமையை. முழுக்க மூடவில்லை, தாழ்ந்திருக்கிறது. உதட்டில் சிரிப்பு இல்லை. சற்று முன்பு இருந்து போன மாதிரி ஓர் இளக்கம் மட்டும். ஒரு கை தொடையோரம் தளர்ந்து கிடக்கிறது. முதுகு இன்னும் சுவரோடுதான் இருக்கிறது. சுவரிலிருந்து வெளியே வருகிறாளா, உள்ளே திரும்பிப் போகிறாளா என்று இத்தனை வருஷம் பார்த்தும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஆதித்த சோழன் காலத்து வேலை. 1100 வருஷமாக அந்த வாசலிலேயே நிற்கிறாள்.

பேலூருக்கும் ஹளேபீடுக்கும் போய்வந்த நண்பர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அங்கே வளையலுக்குள் விரல் நுழையும், மாலையில் ஒவ்வொரு பூவாக எண்ணலாம், உங்கள் சோழப் பெண்ணிடம் என்ன இருக்கிறது என்பார்கள். ஹொய்சளக் கைகளை நானும் வணங்குகிறேன். ஆனால் அது மாக்கல். பாறையிலிருந்து எடுத்த புதிதில் உளிக்கு இணங்கிக் கொடுக்கும், காற்றுப்பட்டுத்தான் இறுகும். சிற்பி நினைத்ததையெல்லாம் அதில் சொல்லிவிடலாம். கருங்கல் அப்படிச் சொல்ல விடாது. ஒவ்வொரு கோட்டுக்கும் விலை கேட்கும். நூறு விஷயம் சொல்ல வந்தவன் தொண்ணூற்றை விட்டுவிட்டு மிச்சம் பத்தை மட்டும் வைக்க வேண்டும். நாகேசுவரன் கோயில்காரன் எதை விட்டான் என்று பாருங்கள். நகை குறைவு, மடிப்பு குறைவு, முகத்தில் பாவனை அறவே இல்லை. அவ்வளவையும் விட்டபிறகு தங்கியதுதான் அந்த இமை.

கிருஷ்ணாபுரத்துக் குறவனையும் கர்ணனையும் காட்டுபவர்களுக்கும் இதுவே என் பதில். நாயக்கர் காலத்துச் சிற்பி கருங்கல்லையே மாக்கல்லைப் போலப் பேசவைத்துவிட்டான். அந்தத் திறமைக்கு முன்னால் வாயடைத்து நிற்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு என் கூட வருவது பேசாத இவள்தான்.

இந்தப் பேசாமையைத்தான் நம் மொழி இரக்கமின்மை என்று எடுத்துக்கொண்டது. கல்நெஞ்சு, கல்லாய்ச் சமைந்தாள், கல்லில் நார் உரிப்பது என்று வசவெல்லாம் கல்லின் தலையில். ஆனால் அதே ஊரில்தான் கல்யாணத்தன்று பெண்ணின் காலைப் பிடித்து அம்மிமேல் வைத்து, இதைப்போல உறுதியாக இரு என்கிறோம். செத்த வீரனுக்குக் கல் தேடிப்போய்க் கண்டதை, அதை நீராட்டியதை, நட்டதை, படையலிட்டதைத் தனித்தனித் துறையாகப் பெயர் சொல்லி வைத்தார் தொல்காப்பியர். கண்ணகிக்காகச் செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்த கதை நமக்குத் தெரியும். அழுது தீராததைக் கல்லிடம் ஒப்படைத்த ஜனம் நாம். நெடுங்காலம் கல் இறந்தவர்களுக்கே உரியதாக இருந்ததால்தான் தெய்வத்துக்குச் செங்கல்லும் மரமும் போதுமென்று இருந்தார்கள் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் வெட்டிவைத்ததன் பெருமிதம் அப்போதுதான் புரிகிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு கல்நெஞ்சுக்காரி இருந்தாள், அத்தை. மாமா போனபோது அவளுக்கு இருபத்தாறு வயது. சாவு வீட்டில் அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை என்பதை என் பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அத்தைதான் என்னை முதலில் நாகேசுவரன் கோயிலுக்குக் கூட்டிப்போனவள். சாமி பார்த்துவிட்டு விமானத்தைச் சுற்றி வருவாள். இந்தப் பெண்ணுக்கு எதிரே வந்ததும் நடை நிற்கும். எனக்குக் கால் சுடும், "போகலாம் அத்தை" என்பேன். "இருடா" என்பாள். வேறு விளக்கம் கிடையாது. பின்னாளில், காலமெல்லாம் செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றிக்கொண்டிருந்த செம்பியன் மாதேவியைப் பற்றிப் படித்தபோது, கணவனை இழந்த அந்த அரசிக்கும் யாராவது இப்படிப் பெயர் வைத்திருப்பார்களோ என்று தோன்றியது.

இப்போது கல்லைப் பார்க்க மனிதர்களுக்குப் பொறுமையில்லை. சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி அழுத்தக் காற்றில் மணலை வீசி அடித்ததில் எத்தனை கோயில்களில் மூக்கும் விரலும் கல்வெட்டும் மழுங்கின! எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஊர்க் கோயிலுக்குப் பத்து வருஷம் கழித்துப் போனேன். குதிரை ஓட்டிவந்த வீரனுக்கு முகமே இல்லை, மாவு பிசைந்து வைத்ததுபோல இருந்தது. சந்நிதிச் சுவரில் குளியலறை டைல்ஸ். துவாரபாலகருக்கு எனாமல் பெயின்ட். புதிதாகச் செதுக்குகிறவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கேட்பவர்கள் கண்ணாடிபோல மின்ன வேண்டும் என்கிறார்கள், அவர்களும் கிரைண்டரை வைத்து இழைத்துத் தருகிறார்கள். உளி பட்ட கல்லில் வெளிச்சம் தங்கும். இழைத்த கல்லில் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

மாமல்லபுரத்தில் ஒரு பெரியவர் கல் பிளப்பதைப் பார்த்திருக்கிறேன். வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு, மறுபடி முதலிலிருந்து. சட்டென்று நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஏன் என்றேன். "சத்தம் மாறிடுச்சு. இனி அதுவே வரும்" என்றார். கொஞ்ச நேரத்தில் நூல் பிடித்ததுபோல ஒரு கோடு ஓடியது. கல்லோடு வாழ்ந்தவருக்கு அவசரப்படத் தெரியவில்லை. கல்லின் இயல்பும் அதுதான். வெயிலை வாங்க அதற்கு நேரமாகும், விடவும் நேரமாகும்.

போன சித்திரையில் அத்தையின் காரியம் முடிந்து குடந்தை போனேன். அந்த மாதத்தில் மூன்று நாள் காலையில் சூரியன் உள்ளே வந்து லிங்கத்தைத் தொடும். அதற்கு நல்ல கூட்டம் வரும். நான் போனது இரவு, நடை சாத்தும் நேரம். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்கள். அவள் எதிரே வெறுங்காலோடு நின்றேன். பகலெல்லாம் வாங்கிய வெயில் தரையில் இன்னும் இருந்தது. போகலாம் என்று யாரோ கூப்பிட்டார்கள். இருங்கள் என்றேன்.