கழி நட்ட பிறகா முறை கேட்பது?

பழவேற்காடு ஏரிக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே கோட்டைக்குப்பம் போன்ற மீனவ ஊர்களில் ‘பாடு’ என்றொரு முறை வழங்கி வருகிறது. இறால் பிடிக்கும் இடங்கள் எவருக்கும் நிலையான சொந்தமல்ல. இம்முறை இவருக்கு, மறுமுறை அவருக்கு என உரிமை சுழன்று வரும். முறைக்காரர் ஏரியிலேயே கழிகளை ஊன்றி, அங்கேயே வலையைக் கட்டுகிறார். ஒன்றைக் கவனியுங்கள்: முறை யாருடையது என்று தெரிந்த பிறகுதான் முதற்கழி தண்ணீரில் இறங்கும்.

நம் கணிப்பொறிப் பாடக்குறிப்புகள் பல இந்த வரிசையைக் கவனிக்கத் தவறுகின்றன என்பதே என் குறை.

சி பிளஸ் பிளஸ் மொழியில் ‘மேப்’ என்றொரு கொள்கலம் உண்டு. திறவுச்சொல்லும் அதற்குரிய பொருளும் இணையாக, திறவுச்சொல்லின் வரிசைப்படி அதில் தங்கும். ஒரு திறவுச்சொல்லுக்கு ஒரே பதிவுதான். வழக்கமாக இது சிவப்பு-கருப்பு மரமாக அமைகிறது. 1000 பதிவுகள் இருந்தாலும் ஏறத்தாழ 20 ஒப்பீடுகளுக்குள் இடம் தெரிந்துவிடும். பழைய ‘இன்சர்ட்’ முறையில் இணையை வெளியே செய்து உள்ளே கொண்டுபோவோம். 2011ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த ‘எம்ப்ளேஸ்’ மூலப்பொருள்களை மட்டும் வாங்கி, மரத்தின் கணுவிலேயே இணையைக் கட்டுகிறது. ‘ஆகவே எம்ப்ளேஸ்தான் எப்போதும் சிக்கனம்’ என்று குறிப்புகள் முடித்துவிடுகின்றன. இயற்பியல் ஆசிரியனான என் தலையில் நிரல் வகுப்பும் விழுந்தபோது, நானும் இதையே கரும்பலகையில் எழுதினேன்.

எங்கே பிசகு? ஒப்பிட்டுத் தேடுவதற்குத் திறவுச்சொல் வேண்டும். எம்ப்ளேஸ் பெறுவதோ மூலப்பொருள்களை. ஆதலால் அது கணுவை ஒதுக்கி, இணையை முழுதும் கட்டிவிட்டு, பிறகு மரத்தில் தேடலாம். தரம் இதை அனுமதிக்கிறது. அதே திறவுச்சொல் முன்பே இருந்தால், கட்டியதைக் கலைத்தெறிய வேண்டும். முறையில்லாதவர் கழி நட்டு வலை கட்டிய கதைதான்! ஆயத்த இணையைக் கொடுத்தால், இவ்விடத்தில் இன்சர்ட் வழக்கமாகக் கணு ஒதுக்காமலே திரும்பிவிடும்.

வீண் வேலை மட்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். மாணவர் ஒருவர் ஏரி நீரின் உப்பளவை நாள்வாரியாகப் பதிந்தார். ஒரே நாளுக்கு இரண்டாம் அளவீடு வந்தால், அதை வேறொரு பட்டியலில் சேர்க்கும்படி நிரல் எழுதியிருந்தார். அளவீட்டை ஏந்தியது ஒற்றை உரிமைச் சுட்டி. அதை ‘மூவ்’ செய்து எம்ப்ளேசிடம் கொடுத்தார். பதிவு சேரவில்லை. ஆனால் இரண்டாம் பட்டியலுக்கு வந்ததோ வெறும் சுட்டி! கலைத்த கணுவோடு அளவீடும் அழிந்துவிட்டது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. ஒரு வாரம் கருவியைத்தான் சந்தேகித்தோம்.

2017ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த ‘டிரை எம்ப்ளேஸ்’ இதற்கு மாற்று. அது திறவுச்சொல்லைத் தனியாக வாங்கி முதலில் தேடுகிறது. இடம் காலியாக இருந்தால்தான் பொருளைக் கட்டுகிறது. இல்லையேல் கொடுத்ததைத் தொடுவதேயில்லை. இவ்வளவு முக்கியமான உறுதிமொழியை ‘இன்னொரு வசதி’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் குறிப்புகளை என்னென்பது?

எம்ப்ளேசை ஒதுக்கச் சொல்லவில்லை. திறவுச்சொல் புதியது என்று உறுதியாகத் தெரிந்தால் அதனால் கேடில்லை. ‘செட்’ என்ற கொள்கலத்திலோ டிரை எம்ப்ளேஸ் கிடையாது. அங்கே பொருளே திறவுச்சொல், அதைக் கட்டாமல் எதை வைத்து ஒப்பிடுவது?