ஓவியன் மறந்த புரி

சங்கைக் கண்டால் அதன் புரியை நோக்குவது தமிழர் மரபு. முப்புரிநூல் என்பதிற் போலப் புரி என்பது முறுக்கினைக் குறிக்கும். வலம்புரியைப் போற்றி, மலிந்து கிடைக்கும் இடம்புரியினின்று அதனைப் பிரித்தறிந்து பழகிய நம் கண்ணுக்கு, உலகம் போற்றும் ஓர் ஓவியத்தில் புரியே மாறிக் கிடப்பது உடனே உறுத்தல் வேண்டும். ஆலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் 1650ஆம் ஆண்டிற் செப்புத் தகட்டிற் பொறித்த 'சங்கு' என்பதே அவ்வோவியம்.

அதன் சிறப்பை முதலிற் கூறிவிடுவோம். உள்ளங்கையளவான படத்தில், இந்து மாகடலிலும் பசிபிக் மாகடலிலும் வாழும் கூம்புவடிவச் சங்கு ஒன்று தனித்துக் கிடக்கிறது. கரிய நிலமும், அதில் தெளித்தாற் போன்ற வெண்திட்டுகளும் கோடுகளாலேயே ஆனவை. முதற்படியில் வெறுமையாக விட்ட பின்புலத்தை ஓவியர் பின்னர் இருளாக்கினார். அதனால் ஓடு கையால் எடுக்கத்தக்க திரட்சி பெற்றது. சங்குகளைத் தொகுத்து வைத்திருந்தவர் அவர் என்பதை 1656இல் எழுதப்பெற்ற அவருடைய உடைமைப் பட்டியல் காட்டும். ஆகவே பொருளைக் காணாது வரைந்தார் என்று கூறவியலாது.

பிழை எங்கே நேர்ந்தது? தகட்டில் வரைந்தது தாளிற் பதியும்போது கண்ணாடியில் தோன்றும் நிழல் போல வலம் இடமாகும். கண்ணெதிரே கண்டவாறே சங்கைத் தகட்டில் வரைந்தமையால், அச்சில் அதன் சுருள் எதிர்ப்புறமாகத் திரும்பிவிட்டது. ஆயினும் தம் பெயரை மட்டும் அவர் தகட்டில் மாற்றி எழுதியுள்ளார். அது தாளில் நேராகவே படிக்கக் கிடைக்கிறது. தம் பெயருக்குக் காட்டிய கருத்தை அச்சிற்றுயிரின் வடிவுக்குக் காட்டவில்லை என்பதே நம் குறை.

"ஓவியம் உயிர்நூல் அன்று, அழகே போதும்" என்பர் சிலர். மரத்தின் கிளையையோ மேகத்தின் வளைவையோ மாற்றினால் அவ்விடை பொருந்தும். சுருள் அத்தகையதன்று; அது அவ்வுயிர் பிறந்தது முதல் வளர்ந்த வழி. அதனை மாற்றினால், பெரும்பாலும் உலகில் இல்லாத ஒன்றையே வரைந்தவராவோம்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். நாம் இடம்புரி என்பதை மேனாட்டு அறிஞர் வலச்சுருள் என்கின்றனரே எனின், அது பிடிக்கும் முறையால் வந்த வேறுபாடு. அவர் உச்சியை மேலாக்கி, வாயைத் தம்பால் திருப்பி நோக்குவர். வாய் வலப்பக்கம் அமையும். அதே சங்கைத் தலைகீழாக்கி நோக்கின் வாய் இடப்பக்கம் வரும். சங்கு ஒன்றே, பெயர்தான் இரண்டு. தலைகீழாக்குவதாற் புரி மாறாது, நிழலாக்கினால் மாறும்.

இவ்வாராய்ச்சி கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வாழும் நமக்கு எதற்கு? தேயிலை புளிப்பு மண்ணை விரும்புவது. நத்தையோடோ சுண்ணாம்பால் ஆவது. கருங்கல் மலையாகிய இங்கு நத்தையினங்கள் மிகுதியாக இல்லாமைக்குச் சுண்ணாம்புக் குறைவும் ஒரு காரணம். கீழே ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளில் அவை பல்கியுள்ளன. அங்குள்ள குனோங் ராப்பாட்டில் 2008இல் அறிவிக்கப்பெற்ற ஒரு கடுகளவு நத்தையின் ஓடு நான்கு அச்சுகளில் முறுக்கிச் செல்கிறது!

நம் பகாங் மாநிலத்தின் கதையோ துயரமானது. குவாந்தானுக்கு அருகே புக்கிட் பஞ்சிங் என்னும் குன்றில் மட்டும் வாழ்ந்த சின்னஞ்சிறு நத்தையொன்றை, ஆம்ஸ்டர்டாம் விலங்கியல் அருங்காட்சியக அறிஞர் தேரா வான் பெந்தம் யூட்டிங் அம்மையார் 1952இல் விளக்கிப் பெயரிட்டார். ரெம்பிராண்ட் வாழ்ந்த நகரமும் அதுவே. பின்னர்க் கல்லுடைப்பால் அக்குன்று அழிந்தது, நத்தையும் அற்றுப்போயிற்று. இனி அதனை அறிய வேண்டின், அருங்காட்சியகப் பெட்டிகளிலுள்ள ஓடுகளும் அவற்றைப் பார்த்து வரைந்த வடிவங்களுமே நமக்குக் கதி. அவ்வடிவிற் சுருள் மாறியிருப்பின், சென்று பார்த்துத் திருத்த உயிருள்ள நத்தை ஒன்றும் இல்லை. மெய்யான கோடு எத்துணை மதிப்புடையது என்பது இப்போது விளங்கும்.

தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். மாணவரிடம் நத்தையையோ சங்கையோ வரையச் சொல்லுங்கால், முதலில் ஓட்டைக் கையிற் கொடுத்து, உச்சியினின்று வாய்வரை விரலால் தடவச் சொல்லுங்கள். விரல் சென்ற வழியே கோடும் செல்லட்டும். லயத்து வாசலிற் கோலமிடும் அன்னையர்க்கு இக்கலை புதிதன்று. எதிர்நின்று காண்பவர்க்கு அக்கோலம் தலைகீழாகலாம், வலம் இடமாவதில்லை. செப்புத் தகட்டிற் பெருங்கலைஞர் தவறவிட்டதை, நம் பிள்ளைகள் தாளில் தவறாது காப்பார்களாக.