வீட்டுக்காரரின் வீடு

‘வீட்டுக்காரர்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. மாதம் பிறந்தால் வாடகை வாங்க வருகிறவர் வீட்டுக்காரர். தாலி கட்டியவரும் வீட்டுக்காரர்தான். ‘எங்க வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்காரு’ என்று ஒரு பெண் சொன்னால், யாரைச் சொல்கிறாள் என்பதைச் சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்கிறோம். மணமுறிவின்போது வீடு யாருக்குப் போகிறது என்று பார்க்கத் தொடங்கினால், இந்த இரண்டு பொருளுக்கும் நடுவே அவ்வளவு தூரம் இல்லை என்பது தெரிகிறது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் தீர்ப்பளித்தது. கணவர் 1983 முதல் 1994 வரை சவுதி அரேபியாவில் வேலை பார்த்தவர். மனைவி ஊரிலிருந்து பிள்ளைகளை வளர்த்தார். கணவர் அனுப்பிய பணத்தில் சொத்துகள் வாங்கப்பட்டன. திரும்பி வந்தவர், எல்லாம் என் சம்பாத்தியம், அவள் வெறும் காப்பாளர் என்று வழக்குப் போட்டார். வழக்கு முடிவதற்குள் இறந்தும்போனார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் கணவர் கடல்கடந்து போய்ச் சம்பாதித்திருக்கவே முடியாது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவருக்கும் சமபங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பெழுதினார்.

செய்தியாகப் படித்தபோது மகிழ்ந்தேன். தீர்ப்பாகப் படித்தபோது அந்த மகிழ்ச்சி கொஞ்சம் இறங்கியது. முடிவில் எனக்கு மறுப்பில்லை. அந்த முடிவுக்கு வந்த வழிதான் உறுத்துகிறது. இல்லத்தரசி யார் என்று தீர்ப்பு ஒரு பட்டியல் போடுகிறது. அவள் நிர்வாகி, சமையல் வல்லுநர், வீட்டு மருத்துவர், வீட்டுப் பொருளியலாளர். கணவரின் எட்டு மணி நேர வேலைக்கு எதிரே ஓய்வில்லாத 24 மணி நேர வேலை அவளுடையது. தன் கனவுகளைத் துறந்தவள். இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பாதி வீடு தருகிறது.

சோறு வடிக்கிற வேலைக்கு மரியாதை தேட, ஓட்டல்காரரின் பதவிப்பெயரைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரவெல்லாம் விழித்திருந்ததை மருத்துவம் என்று சொன்னால்தான் அது உழைப்பாகத் தெரிகிறது. சரி, மொழிக்கு அந்த வறுமை இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் நன்றாகச் சமைக்கத் தெரியாதவளுக்கு என்ன பங்கு? கனவுகளைத் துறக்காமல் வேலைக்குப் போனவளுக்கு? சமைக்க ஆள் வைத்துக்கொண்டவளுக்கு? (அந்த ஆளும் ஒரு பெண்தான். அவள் வடித்த சோற்றில்தான் இரண்டு சம்பளமும் சாத்தியமாயின. அவளுக்கு எந்தத் தீர்ப்பிலும் பங்கு வந்ததில்லை.) தியாகத்துக்கு வெகுமதியாக வீடு வருகிறதென்றால், வீடு வேண்டும் என்பவள் முதலில் தியாகத்தை நிரூபித்தாக வேண்டும். ஜீவனாம்சத்தில் ஏற்கெனவே இது நடக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும், இப்போது அந்த இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவும், வேறொருவரோடு வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்கின்றன. சோற்றுக்கு ஒழுக்கச் சான்றிதழ் கேட்கும் சட்டம் வீட்டுக்கும் அதைக் கேட்க வெகுநேரம் ஆகாது. இரண்டு பேர் கூட்டாகக் கடை நடத்திப் பிரிகிறார்கள். அவரவர் பங்கைப் பிரிக்கும்போது, கூட்டாளி நல்லவரா என்று யாரும் விசாரிப்பதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது மணமுறிவு வழக்கே அல்ல. மனைவியின் வீட்டு உழைப்பைப் பங்களிப்பாகக் கணக்கிடச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை, கணக்கிடக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை, ஆகவே கணக்கிடலாம் என்பதுதான் அந்தத் தீர்ப்பு நிற்கிற தரை. ஒரு நீதிபதி இப்படி வாசித்தார். இன்னொருவர் வேறு மாதிரி வாசிக்க இடமிருக்கிறது. குடும்ப நீதிமன்றத்துக்குப் போகிற பெண் தன் வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்று தேர்ந்தெடுக்க முடியாது.

அங்கே அவளுக்கு என்ன இருக்கிறது? 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொத்தைப் பற்றிப் பேசுகிறது. திருமணத்தின்போதோ அதையொட்டியோ தரப்பட்டு, இருவருக்கும் பொதுவாக இருக்கிற பொருள்களைப் பற்றி நீதிமன்றம் உத்தரவிடலாம். கட்டில், பீரோ, கிரைண்டர், வெள்ளிக் குத்துவிளக்கு. இதைச் சீர்வரிசைச் சட்டம் என்றே சொல்லிவிடலாம். கல்யாணத்துக்கு அப்புறம் இருபது வருடத்தில் சேர்ந்த மனையும் வீடும் இதற்குள் வராது. 25ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் உண்டு. கணவரின் அசையாச் சொத்தின் மேல் அதைப் பொறுப்பாக்கலாம். அப்போதும் அவளுக்குக் கிடைப்பது பராமரிப்புதான். சொத்து அவருடையதாகவே இருக்கும். சாதியும் மதமும் பாராமல் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்துகொண்டவர்களுக்கும் இதைவிட மேலான ஏற்பாடு கிடையாது. புரட்சிகரமாகக் கல்யாணம் செய்துகொண்ட தோழிகள் பலருக்கு இது தெரியாது.

ஆகவே வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. பெயர் எப்படி வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டு பேரும் சம்பாதிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். புறநகரில் ஒரு ஃபிளாட். முன்பணத்துக்கு அவளுடைய நகை அடகுக்குப் போகிறது, அல்லது விற்கப்படுகிறது. அடகுச் சீட்டு யார் பெயரில் இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லை. வீட்டுக்கடனின் மாதத் தவணை அவர் சம்பளக் கணக்கிலிருந்து போகிறது. அவளுடைய சம்பளத்தில் அரிசி, பால், பள்ளிக்கட்டணம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, ஊர் விசேஷங்களுக்கு மொய். இருவருக்கும் செலவு சமம்தான் என்று அந்த வீட்டில் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வார்கள். பதினைந்து வருடம் கழித்து வழக்கறிஞர் வங்கி அறிக்கை கேட்கும்போது, அவருடைய பணம் நூற்று எண்பது தவணைகளாக, தேதி வாரியாக, வரிசையாக நிற்கிறது. அவளுடைய பணம் தின்று செரித்துவிட்டது. செரித்ததற்கு ரசீது இல்லை.

இதைவிட விசித்திரமான ஒன்றும் உண்டு. கடன் தொகை கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று அவளையும் கடன் பத்திரத்தில் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கிரயப் பத்திரத்திலோ அவர் பெயர் மட்டும். கடன் பத்திரமும் கிரயப் பத்திரமும் வேறு வேறு என்பதை அந்தப் பரபரப்பில் யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. அவர் தவணை கட்டாமல் விட்டால் வங்கி இவளையும் தேடி வரும். கடனில் அவளுக்குப் பங்கு உண்டு, வீட்டில் கிடையாது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அது பெரிய சட்டம், மறுக்கவில்லை. அந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லாத பெண்ணுக்கும், பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை அது தந்தது. ஆனால் 2006இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், மாமியார் பெயரிலுள்ள வீடு பகிர்ந்து வாழ்ந்த வீடு ஆகாது என்றது. அந்த விளக்கம் தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2020 அக்டோபர் ஆயிற்று. நடுவே 14 ஆண்டுகள், அம்மா பெயரில் இருந்த வீடு பல மகன்களுக்கு வசதியான வீடாக இருந்தது. இன்றைக்கும் அது வசிக்கும் உரிமைதான். விற்கவோ, அடமானம் வைத்துக் கடன் வாங்கவோ, மகளுக்கு எழுதிவைக்கவோ முடியாது. அதைப் பெறக்கூட வன்முறை நடந்ததென்று மனுவில் சொல்ல வேண்டும். சொல்லால், பணத்தால் நடக்கும் வன்முறையையும் அந்தச் சட்டம் ஏற்கிறது என்பது உண்மைதான். ஆனால் யாரும் யாரையும் வதைக்காமல், வாழ்ந்தது போதும் என்று மட்டும் பிரிகிறவளுக்கு அந்தக் கதவு திறக்காது.

இந்தக் குறை தில்லிக்குத் தெரியாததில்லை. மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தைக் கலைக்கும் மசோதா ஒன்று 2010இல் வந்தது. கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு என்ற பகுதியோடு 2013 ஆகஸ்டில் மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. மக்களவை கலைந்ததும் 2014இல் காலாவதியானது.

தமிழ்நாட்டைப் பற்றி நமக்கு ஒரு பெருமிதம் உண்டு. பெண்ணுக்குச் சொத்துரிமை என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே தீர்மானம் போட்டவர்கள் நாம். 1989இல் மகளுக்குச் சமபங்கு தரும் திருத்தத்தை, நாடு முழுமைக்கும் அது வருவதற்கு 16 ஆண்டுகள் முன்பே கொண்டுவந்தோம். பெருமிதம் நியாயமானதே. ஆனால் அந்தச் சட்டம் பேசியது மகளைப் பற்றி. பெண்ணின் சொத்து என்றாலே அப்பா வீட்டுச் சொத்து என்று நினைத்துப் பழகிவிட்டோம். புகுந்த வீட்டில் அவளே உழைத்துச் சேர்த்ததைப் பற்றி நம் சட்டசபையும் பேசவில்லை, நம் மேடைகளும் அதிகம் பேசவில்லை.

இது தமிழர்களுக்குத் தெரியாத யோசனை என்றும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை 1707இல் டச்சுக்காரர்களால் எழுத்தில் தொகுக்கப்பட்டது. அதில் சொத்து மூன்று வகை: முதுசம், சீதனம், தேடியதேட்டம். மணவாழ்வில் தேடிச் சேர்த்ததுதான் தேடியதேட்டம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டம், அது கணவன் மனைவியில் யார் சம்பாதித்ததாக இருந்தாலும், யார் பெயரில் இருந்தாலும், இருவருக்கும் பொதுவானது, சம உரிமை உடையது என்று எழுதியது. மனைவி என்னென்ன வேலை செய்தாள் என்ற பட்டியல் அங்கே இல்லை. 1947 திருத்தம் இந்த ஏற்பாட்டை மாற்றியமைத்தது. கோவாவில் 1867ஆம் ஆண்டின் போர்த்துக்கீசியக் குடிமைச் சட்டம் இதே யோசனையைத்தான் பின்பற்றுகிறது. வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதிக்குச் சொத்து பாதிக்குப் பாதி.

இரண்டையும் தூக்கிவைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை. அதே தேசவழமையில், மனைவி தன் சொந்தச் சீதன நிலத்தை விற்கக் கணவனின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். கோவாச் சட்டத்தின் மூலவடிவில் பொதுச்சொத்தின் நிர்வாகம் கணவன் கையில். பாதி உன்னுடையது, சாவி என்னிடம் என்ற ஏற்பாடு. ஆனாலும் நம்மிடம் இல்லாத ஒன்று அவற்றில் இருக்கிறது. பாதியிலிருந்து பேச்சு தொடங்குகிறது. நம் ஊரில் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, அழுது, நிரூபித்து, மேலே ஏறி வர வேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலானவர்கள் அவ்வளவு தூரம் ஏறுவதுமில்லை. பரஸ்பர சம்மதத்தில் பிரிந்துவிடலாம், வருடக்கணக்கில் அலைய வேண்டாம் என்று இரு வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். மனுவில், இறந்தகால, நிகழ்கால, எதிர்கால ஜீவனாம்சம் எதையும் கோர மாட்டேன் என்று ஒரு வாசகம் வரும். மூன்று காலத்தையும் ஒரே வரியில் விட்டுக்கொடுக்கிற இலக்கணம் அது. வீடு இருவர் பெயரிலும் இருந்தால் ஒரு தொகை பேசி, அவள் பங்கை விடுதலைப் பத்திரமாக எழுதி வாங்கிக்கொள்வார்கள். பெரும்பாலும் தீர்ப்பு வருவதற்கு முன்பே. குடும்ப உறுப்பினர்களுக்கு இடையே எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை இருக்கிறது. அந்த உறவுப் பட்டியலில் மனைவி உண்டு, முன்னாள் மனைவி இல்லை. ஆகவே அவள் இன்னும் மனைவியாக இருக்கும்போதே கையெழுத்தாகிவிட வேண்டும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அவளுக்கு எதுவும் புதிதாக இருக்காது. கைரேகை வைக்கிற கருவியும், புகைப்படம் எடுக்கிற கேமராவும், இன்னாரின் மனைவி என்று அச்சிட்ட பெயரும் அவள் ஏற்கெனவே பார்த்தவைதான். சில வருடங்களுக்கு முன் அப்பா இறந்தபோது, அண்ணன் தம்பிகளுக்குத் தன் பங்கை விட்டுக்கொடுத்து இதே மாதிரி ஒரு விடுதலைப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். உனக்குத்தான் உன் வீட்டுக்காரர் வீடு இருக்கிறதே என்று அப்போது சொன்னார்கள்.