'தாயகம் திரும்பியோர்': கலாச்சார அதிர்ச்சி யாருக்கு?

வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவரின் மனக்குழப்பத்தை எழுதுவது இன்று தமிழில் ஒரு தனி எழுத்து வகையாகவே ஆகிவிட்டது. ஹாரன் சத்தம், குப்பை, வரிசையில் நிற்காத ஜனம், சொல்லாமல் லீவு போடும் வேலைக்காரப் பெண், அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதது. கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் ஏக்கம், முடிவில் 'என்ன இருந்தாலும் நம்ம ஊர்'. இவர்களைப் பரிகசிப்பது என் நோக்கமல்ல. அவர்கள் படும் அவஸ்தை உண்மைதான். ஆனால் அந்த அவஸ்தைக்குக் 'கலாச்சார அதிர்ச்சி' என்று ஒரு பெயர் தயாராக இருக்கிறது. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, யாருக்குக் கொடுக்கப்படுகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்று பேசியாக வேண்டும். பேச எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. நான் கூடலூர்ப் பக்கம் வளர்ந்தவன். என் பெற்றோர் இலங்கை மலையகத்தில் பிறந்து 1970களில் இங்கே 'திரும்பி' வந்தவர்கள்.

1

கலாச்சார அதிர்ச்சி என்னும் கருத்தாக்கத்தைப் பிரபலமாக்கியவர் கலெர்வோ ஓபர்க் என்கிற மானிடவியலாளர். பிரேசிலில் அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தில் வேலை பார்த்தவர். 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பெண்கள் சங்கத்தில் ஆற்றிய உரை 1960இல் கட்டுரையாக அச்சானது. திடீரென்று அந்நிய நாட்டில் கொண்டுபோய் வைக்கப்பட்டவர்களுக்கு வருகிற தொழில்சார்ந்த நோய் என்றுதான் அவர் இதை விவரிக்கிறார். நோய்க்குறிகளையும் பட்டியலிடுகிறார்: அடிக்கடி கை கழுவுதல், குடிதண்ணீர் பற்றிய பயம், தன்னை ஏமாற்றிவிடுவார்கள், திருடிவிடுவார்கள் என்கிற சந்தேகம், சொந்த ஊர் ஏக்கம். முதலில் தேன்நிலவு, பிறகு வெறுப்பு, பிறகு மெல்லப் பழகிப்போதல். 1963இல் கல்லஹார்ன் தம்பதியினர் இதை நீட்டினார்கள். வெளிநாடு போய்வந்த அமெரிக்க அறிஞர்களையும் மாணவர்களையும் ஆராய்ந்து, நாடு திரும்பும்போதும் இதே இறக்கமும் ஏற்றமும் உண்டு என்றார்கள்.

இந்தப் பிரதிகளில் நோயாளி யார் என்று கவனியுங்கள். உத்தியோகம் உள்ளவர், சம்பளம் வருகிறவர், எந்த நேரமும் கிளம்பிப் போக வழி உள்ளவர். அவர் சந்தேகப்படுகிறாரே, அந்த வீட்டு வேலையாளுக்கு இந்தக் கோட்பாட்டில் அதிர்ச்சி கிடையாது. அவர் அதிர்ச்சியைத் தருகிற சூழல் மட்டும்தான். சூழல் அப்படியே இருக்கும், நோயாளி மட்டும் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தண்ணீர் ஏன் அப்படி இருக்கிறது, வேலையாள் எவ்வளவு கூலி வாங்குகிறார் என்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை.

2

ஓபர்க்கைவிட ஆழமாக யோசித்தவர் ஆல்ஃபிரட் ஷூட்ஸ். ஆஸ்திரியாவிலிருந்து நாஜிகளால் துரத்தப்பட்டு நியூயார்க் வந்தவர். 1945இல் 'வீடு திரும்புகிறவன்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். போரிலிருந்து திரும்பும் சிப்பாய்கள்தான் அவருக்கு முன்னால் இருந்த உடனடிப் பிரச்சினை. தூக்கத்தில் இதாகா கரையில் இறக்கிவிடப்பட்டு, விழித்ததும் சொந்த மண்ணையே அடையாளம் தெரியாமல் நின்ற ஒடிசியஸிலிருந்து தொடங்குகிறார். அந்நியன் புது இடத்துக்கு வருகிறான், அது தெரியாத இடம் என்று அவனுக்கே தெரியும். வீடு திரும்புகிறவனோ தெரிந்த இடம் என்று நம்பி வருகிறான். அதனால்தான் அவனுடைய தடுமாற்றம் பெரிது. போனவனும் மாறியிருக்கிறான், இருந்தவர்களும் மாறியிருக்கிறார்கள்.

நல்ல வாதம். ஆனால் இதற்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது: திரும்புகிறவன் முன்பு ஒருநாள் அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும். அவனிடம் வீட்டின் ஞாபகம் இருக்க வேண்டும். கிளம்பவே செய்யாதவர்களைத் 'திரும்பி வந்தவர்கள்' என்று ஓர் அரசு அறிவித்தால் என்ன ஆகும்? ஷூட்ஸிடம் பதில் இல்லை. நம்மிடம் அது நடந்திருக்கிறது.

3

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கூட்டல் கழித்தல் சரியாக வந்தது. சம்பந்தப்பட்ட ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

அதே 1964இல்தான் நைபாலின் 'இருண்ட பிரதேசம்' பற்றிய இந்தியப் பயண நூல் வெளிவந்தது. இது தற்செயல், ஆனாலும் சேர்த்து வாசிக்க வேண்டிய தற்செயல். அவரும் கூலிப் பரம்பரைதான். டிரினிடாடுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவரின் பேரன், தாத்தாவின் உத்தரப் பிரதேசக் கிராமத்தைத் தேடி வருகிறார். எரிச்சலும் அருவருப்புமாகப் பக்கங்கள் நிரம்புகின்றன. கடைசியில் அந்தக் கிராமத்தை விட்டுத் தப்பித்தால் போதும் என்று கிளம்புகிறார். இலக்கிய உலகம் அதைப் பெரும் பிரதியாகக் கொண்டாடியது, திட்டியது, இன்றும் பேசுகிறது. நைபாலுக்கு அதிர்ச்சியடையும் உரிமையும் இருந்தது, லண்டன் திரும்பும் டிக்கெட்டும் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு குடும்ப அட்டை இருந்தது. அதில் எந்த மறுவாழ்வுத் திட்டம் என்று எழுதியிருந்தது. பெரும்பாலோருக்கு வியாபாரக் கடன். பிறந்ததிலிருந்து கொழுந்து பறித்த கைக்கு வியாபாரம்!

சொற்களைப் பாருங்கள். படித்தவன் திரும்பினால் 'கலாச்சார அதிர்ச்சி', கூலி திரும்பினால் 'மறுவாழ்வு'. முன்னதற்கு ஒரு மனம் தேவை. பின்னதற்குத் தலைக்கணக்கு போதும்.

4

மலையகத்திலிருந்து ஆட்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலை 'அழுகைக் கோச்சி' என்பார்கள். அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். கூலிகளை இலங்கைக்கு அனுப்புவதற்கு முன் அடைத்துவைத்துச் சோதித்த அதே முகாம். தாத்தாவை அனுப்பிய வாசல் பேரனை வாங்கிக்கொண்டது.

வந்தவர்களுக்கு ஊர் ஞாபகம் இல்லை. ஆனால் ஊருக்கு இவர்களைப் பற்றி ஒரு ஞாபகம் இருந்தது. பூர்வீகம் தேடிப்போனவர்களிடம் தாத்தா பெயரைக் கேட்டார்கள், பிறகு எந்தத் தெரு என்று கேட்டார்கள். தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பான்மை தலித்துகள் என்பது தெரிந்ததுதான். லயத்தில் சாதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கங்காணியின் அதிகாரத்தில் சாதி இருந்தது, கல்யாணத்தில் இருந்தது, சாமி கும்பிடுவதில் இருந்தது. ஆனாலும் ஒரே லயம், ஒரே பீலி, காலையில் ஒரே பெரட்டுக் களம். அம்மா சொல்வார்: "அடுத்த காம்பராவுல யாரு என்னன்னு கேட்டுக்கிட்டா குடியிருந்தோம்? இங்க வந்த பொறவுதான் நாம யாருன்னு நமக்கே சொல்லிக் குடுத்தாங்க." தாத்தாவின் ஊரில் டீக்கடைக்குப் போன என் அப்பாவுக்குத் தனிக் கிளாஸில் டீ வந்தது. பிறந்தது முதல் தேயிலைக்காகவே உழைத்த மனுஷனுக்கு! மறுவாரமே அந்த ஊரை விட்டுக் கிளம்பினார்கள். அப்படித்தான் கூடலூர்.

இதைக் கலாச்சார அதிர்ச்சி என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன், அந்தச் சொல்லை ஓபர்க்கிடமிருந்து பிடுங்கிக்கொண்டால். அங்கே அப்பாவின் கண்ணில் பட்டது தமிழ்க் கலாச்சாரத்தின் மையமான விஷயம். அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது இயல்பு, வெளியிலிருந்து வந்தவருக்கு அதிர்ச்சி. அவர் பழகிப்போயிருந்தால்தான் அது நோய். எனவே அவருடைய அதிர்ச்சியை ஒரு விமர்சனமாக வாசிக்க வேண்டும் என்கிறேன். மாறாக, இன்றைய திரும்பி வந்தோர் எழுத்தில் குப்பையும் போக்குவரத்தும் அதிர்ச்சி தருகின்றன, அந்தக் குப்பையை அள்ளுகிறவர் எந்தச் சாதி என்பது தருவதில்லை. ஏனெனில் அந்த விஷயத்தில் அவர்கள் ஊரை விட்டுப் போகவே இல்லை. அமெரிக்காவுக்கும் அதைக் கூடவே கொண்டுபோயிருந்தார்கள்.

5

'துன்பக்கேணி'யில் புதுமைப்பித்தன் தோட்டத்துக்குப் போனவர்களின் கதையை எழுதினார். திரும்ப அனுப்பப்பட்டவர்களின் கதையை அவர்களுக்குள்ளிருந்தே எழுதியவர்கள் உண்டு. ஆனால் தமிழ் விமர்சனம் அதைப் 'புலம்பெயர்ந்தோர் இலக்கியம்' என்கிற அலமாரியிலும் வைக்கவில்லை, தலித் இலக்கியத்திலும் சரியாக வைக்கவில்லை. நம் இயக்கத் தோழர்களில் பலருக்கு இன்றும் 1983க்குப் பிறகு வந்த அகதிக்கும் ஒப்பந்தத்தில் வந்தவருக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரன்.

இது பழங்கதை அல்ல. இவர்களுக்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டு, 1976இல் டான்டீ என்கிற அரசுக் கழகமாயிற்று. காட்டை வெட்டித் தேயிலை வைத்தது இவர்கள் உழைப்பு. 2022இல் டான்டீயின் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பதென அரசு முடிவெடுத்தது. காடு காடாவதை நான் எதிர்க்கவில்லை. அந்தக் காட்டில் இவர்களுக்கு முன்பே இருந்த பழங்குடிகளின் உரிமையும் எனக்குத் தெரியும். ஆனால் அரை நூற்றாண்டு உழைத்து ஓய்வுபெற்ற தொழிலாளி குடியிருப்பைக் காலி செய்துவிட்டு எங்கே போவது? 'சொந்த ஊருக்குப் போ' என்றால் எது?

ஊர் திரும்பிய அனுபவத்தை எழுதுகிறவர்கள் எழுதட்டும். அதை விமர்சிக்கிறவர்களாவது, இப்படித் 'திரும்பி' வந்தவர்கள் பட்ட அதிர்ச்சியைப் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். 'திரும்புதல்' என்ற சொல்லுக்கு யார் பொருள் கொடுத்தது என்ற கேள்வியை அங்கிருந்து தொடங்கலாம்.